குடும்ப ஜெபம், நன்றி, வீட்டு மகிழ்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வளர்ந்து, இன்று சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வளைகுடா நாட்டிலோ குடும்பம் நடத்துகிற இளம் பெற்றோர், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்கப்பட்டவை. அங்கே நின்றபடி சொல்ல முடிந்ததைவிடச் சற்று விரிவாக இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குடும்ப ஜெபத்தில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும்? எவ்வளவு நேரம் நடத்த வேண்டும்?

ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஒரு ஜெபம், முடிவில் எல்லோரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். நம் ஆச்சிமார் காலத்திலிருந்து பெரும்பாலான வீடுகளில் இந்த நான்குதான் இருந்து வருகின்றன. இவற்றோடு எதையும் சேர்க்கத் தேவையில்லை. பாமாலையோ கீர்த்தனையோ எதுவானாலும் ஒன்றிரண்டு சரணங்கள் போதும். எல்லாச் சரணங்களையும் பாடித்தான் தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிற தாத்தா இருக்கிற வீட்டில் மட்டும் அவருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது என் துணிந்த கருத்து. ஜெபம் நின்றுபோன வீடுகளில் நான் விசாரித்த அளவில், ஆர்வம் குறைந்து நின்றதைவிட நீளம் தாங்காமல் நின்றதே அதிகம். வேதபகுதியை வாசித்த பிறகு அப்பா எழுந்து பிரசங்கம் செய்யத் தொடங்குவது இதற்கு முதல் காரணம். பிரசங்கத்துக்குச் சபைக் குருவான ஐயர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வீட்டில் வாசித்த பகுதியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டு, யார் என்ன பதில் சொன்னாலும் அதைத் திருத்தாமல் ஏற்றுக்கொண்டு ஜெபத்துக்குப் போய்விடலாம்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். எல்லோரும் ஒன்றாக இருக்கிற நேரமே கிடைப்பதில்லை. எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது?

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். படுக்கப் போகும் நேரத்தில் வைத்தால் சின்னது தூங்கிவிடும், பெரியதும் தூங்குவது போல நடிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் என்றால் எல்லோரும் விழித்திருப்பார்கள்; அடுப்படியிலிருந்து வருகிற வாசனை ஜெபத்தைத் தேவைக்கு மேல் நீளவும் விடாது.

அதுவும் முடியாத நாள்களுக்கு உபாகமம் 6ஆம் அதிகாரம் ஒரு வழி காட்டுகிறது. கர்த்தருடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நேரங்களாக அங்கே குறிக்கப்படுபவை நான்கு: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. இந்த நான்கில் கோயில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையை நிறுத்தி, பள்ளிக்கூட வாசல் வரும்வரை ஒரு வசனத்தை இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போகிற தாய்மார்களைப் பாளையங்கோட்டையில் பார்த்திருக்கிறேன். அதுவும் குடும்ப ஜெபம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

“இம்மட்டும் சுகம் பெலன் ஜீவன் தந்தீர், ஸ்தோத்திரம்” என்று தினமும் ஒரே மாதிரி சொல்கிறோம். அது மனப்பாடமாகிவிட்டது. நன்றி என்ற உணர்வே வரவில்லை. என்ன செய்வது?

இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற கேள்வி இதுதான், அதனால் இதற்குச் சற்று அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வாக்கியத்தில் குறையில்லை. அதைச் சொல்லி வைத்தவர்கள் காலராவையும் பஞ்சத்தையும் கண்ணால் பார்த்தவர்கள். சுகம், பெலன், ஜீவன் என்ற மூன்றும் அவர்களுக்கு அன்றன்றைக்குக் கிடைத்த மூன்று பொருள்கள். நமக்கு அவை பொதுவான சொற்களாகிவிட்டன, அவ்வளவுதான். ஆகையால் வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம், அதற்குப் பிறகு அன்றைக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். நேற்றும் சொல்லியிருக்க முடியாது, நாளைக்கும் சொல்ல முடியாது என்கிற அளவுக்கு அது குறிப்பாக இருக்க வேண்டும். 103ஆம் சங்கீதம் “அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே” என்று ஆத்துமாவிடம் சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடுவதில்லை. அக்கிரமத்தை மன்னித்தது, நோயைக் குணமாக்கியது, பிராணனை அழிவுக்கு விலக்கியது என்று அடுத்தடுத்த வசனங்களில் கணக்குச் சொல்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதை இப்படிச் செய்கிறார்கள். பாட்டு முடிந்ததும் வயதில் இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரும் ஒரு காரியம் சொல்ல வேண்டும், முந்தைய நாள் சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, “இன்னைக்கு சத்துணவுல முட்டை பெருசா இருந்துச்சு, தேங்க்யூ ஜீசஸ்” என்றது. அதன் அப்பா மின்வாரியத்தில் வேலை செய்கிறவர். மழையில் கம்பத்தில் ஏறி இறங்கிய நாளில், “கை வழுக்கவில்லை, அதற்கு ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் செய்த வேலை இன்னது என்பது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு வரியில்தான் தெரிந்தது. நன்றி சொல்வதற்காக ஏற்படுத்திய பழக்கம், அந்த வீட்டில் ஒருவருடைய நாளை மற்றவர் அறிந்துகொள்கிற வழியாகவும் ஆகிவிட்டது.

உணர்வு வரவில்லையே என்ற கவலைக்கு என் பதில் எளிது: உணர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். காரியத்தைச் சரியாகப் பெயர் சொல்லிச் சொன்னால் போதும். உணர்வு சில நாள் கூட வரும், பல நாள் வராது. வராத நாளின் ஸ்தோத்திரம் தள்ளப்பட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை.

ஜெபத்தில் பிள்ளைகளுடைய குறைகளைச் சொல்லி ஆண்டவரிடம் கேட்கலாமா?

“ஆண்டவரே, இந்தப் பையனுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைக் கொடும், கணக்குப் பாடத்தில் கவனத்தைக் கொடும், போனைக் கீழே வைக்கிற கிருபையைக் கொடும்” என்று கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் பையன் இருக்கிற பக்கமாகத் திரும்பிச் சொல்லப்படுகிற ஜெபத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது ஜெபம் என்ற பெயரில் நடக்கிற கண்டிப்பு; எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் வைத்துக் கண்டிப்பதால் மற்றக் கண்டிப்பைவிடக் கொஞ்சம் அநியாயமானதும்கூட. திட்ட வேண்டியதை ஜெபத்துக்கு முன்பே நேராகத் திட்டித் தீர்த்துவிடுங்கள். பிள்ளையின் பெயர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படும் ஜெபத்தில் அவனுக்காக நன்றி மட்டும் இருக்கட்டும். அவனுக்காகக் கேட்க வேண்டியவற்றைத் தனியாக அறையில் கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் ஜெப நேரத்தில் சிரிக்கிறார்கள், நெளிகிறார்கள். பயபக்தி குறைந்துவிடாதா?

குறையாது. ஐந்து வயதுப் பிள்ளை முழங்காலில் நின்றபடி தம்பியைக் கிள்ளுவது புதிதாக இந்தத் தலைமுறையில் தொடங்கியதில்லை. சிரிப்பை அடக்கச் சொல்வதைவிட அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது மேல்: ஒருவன் பாட்டைத் தெரிந்தெடுக்கட்டும், ஒருத்தி வேதாகமத்தை எடுத்து வந்து பக்கத்தைத் திருப்பட்டும், வாசிக்கத் தெரியாதது “ஆமென்” சொல்லட்டும். 128ஆம் சங்கீதம் பந்தியைச் சுற்றி இருக்கிற பிள்ளைகளை ஒலிவமரக்கன்றுகளுக்கு ஒப்பிடுகிறது. கன்று அசையாமல் நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பதினாறு வயது மகன், “எனக்கு நம்பிக்கை இல்லை, நான் ஜெபத்துக்கு வரவில்லை” என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

ஜெபம் செய்யும்படி கட்டாயப்படுத்தக்கூடாது. உடன் உட்காரும்படி கேட்கலாம். இவை இரண்டும் வேறு வேறு. குடும்பத்தோடு பத்து நிமிடம் உட்காருவது வீட்டு ஒழுங்கு, சாப்பாட்டுக்கு எல்லோரும் வருவதைப் போல. வாய் திறந்து ஜெபிப்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ளது. நம் சபைகளில் திடப்படுத்தல் ஆராதனை ஏறக்குறைய இந்த வயதில்தான் வருகிறது. ஞானஸ்நானத்தில் பெற்றோர் அவனுக்காகக் கொடுத்த வாக்கை அவன் தன் வாயால் ஏற்றுக்கொள்கிற சடங்கு அது. ஏற்றுக்கொள்ளலாமா என்று அவனே யோசிப்பதற்கு இடம் இல்லையென்றால் அந்தச் சடங்குக்குப் பொருளும் இல்லை. கூட்டாளிகள் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்காக அந்த வருஷமே அவனையும் நிறுத்தத் தேவையில்லை, ஒரு வருஷம் தள்ளிப்போடலாம். ஐயரிடம் சொன்னால் அவரும் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அவனுடைய கேள்விகளுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நன்றி சொல்கிற சுற்றில் மட்டும் அவனையும் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கு நன்றி என்று சொல்லாமல், அன்றைக்கு நன்றாக இருந்த ஒன்றை அவன் சொன்னாலும் போதும்.

வீட்டில் சாவு, நோய், கடன். இந்த நிலையில் நன்றி சொல் என்பது கொடுமையாகப் படுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ.; தாமிரபரணி கரை மீறி, ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் ஆறு நின்றது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்தது. முறுக்குக்கு இடித்து வைத்த மாவு, பண்டிகைக்கு எடுத்த துணி, தொழுவத்து ஆடு எல்லாம் போன குடும்பங்களிடம் “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்று வசனம் சொல்லிவிட்டு வருவது எளிதாக இருக்கவில்லை; எளிதாக இருந்திருக்கவும் கூடாது.

தெசலோனிக்கேயருக்கு எழுதின அந்த வசனத்தைத் துக்க வீட்டில் முதல் வசனமாகச் சொல்ல வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சங்கீத புஸ்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் புலம்பல்கள் மிக அதிகம். 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்டுத் தொடங்குகிறது, 88ஆம் சங்கீதமோ ஒரு வரி ஸ்தோத்திரமும் இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். துக்கத்தில் இருக்கிற குடும்பம் சில வாரங்களுக்கு அந்தச் சங்கீதங்களை மட்டும் வாசிக்கலாம், பாட்டை விட்டுவிடலாம், பரமண்டல ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நன்றி திரும்ப வரும்போது மிகச் சிறியதாக வரும்: பக்கத்து வீட்டு மைனி கொண்டுவந்து கொடுத்த கஞ்சி, சேறு அள்ள வந்த வெளியூர்ப் பையன்கள், பரணில் இருந்ததால் நனையாமல் தப்பின கல்யாண போட்டோ. இழப்புக்காக நன்றி சொல்லும்படி எவரையும் கேட்காதீர்கள். இழப்பின் நடுவே வந்து சேர்ந்த கஞ்சிக்கு நன்றி சொல்வதற்கு யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

பிடி அரிசி எடுத்து வைக்கிற வழக்கம் இன்றைக்கும் தேவையா? ஜிபே-யில் காணிக்கை அனுப்பிவிடுகிறோமே?

உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, சேர்ந்ததும் சபைக்குக் கொடுப்பது பிடி அரிசிக் காணிக்கை. இது நம் பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. மிசோரம் மாநிலத்துப் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கின ‘புஃபை தாம்’ என்ற பிடி அரிசித் திட்டம் இன்றும் அந்தச் சபையின் ஊழியங்களைத் தாங்குகிற பெரிய வருமானங்களில் ஒன்று. 1903இல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் தொடங்கின இந்திய மிஷனெரி சங்கமும், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பியது. அன்றைய நம் சபையார் பெரும்பாலும் பனையேறிகளும் சிறு விவசாயிகளும்.

பணமாக அனுப்புவதால் சபைக்குக் குறைவில்லை; கணக்கு வைக்கிறவருக்கு அதுவே வசதி. ஆனால் வீட்டுக்கு ஒன்று குறைகிறது. பிடி அரிசி ஒவ்வொரு நாளும், அதுவும் சமைக்கத் தொடங்கும்போதே எடுக்கப்படுகிறது. மிஞ்சினதிலிருந்து கொடுப்பதாக இல்லாமல் முதலில் எடுத்து வைப்பதாக இருக்கிறது. பிள்ளைகளின் கண்முன் நடக்கிறது. மாதக் கடைசியில் டப்பாவில் அரிசி அடித்தட்டில் கிடக்கும்போதும் அம்மா கை அந்தப் பிடியை எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, விசுவாசம் என்பதைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க அதிகம் இருப்பதில்லை. ஃபிளாட் வீட்டிலும் ஒரு டப்பா வைக்க இடம் இருக்கும். அரிசியை உங்கள் சேகரத்தில் (ஒரு குருவின் கீழ் உள்ள சபைகளின் தொகுதியில்) வாங்குவதில்லை என்றால், மாதம் ஒருமுறை வாட்ச்மேன் வீட்டுக்கோ பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்துக்கோ பிள்ளைகளைக் கொண்டே கொடுத்து அனுப்புங்கள்.

தோத்திரப் பண்டிகைக்குப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிவர வேண்டுமா? லீவு எடுப்பது கஷ்டமாக இருக்கிறது.

கூட்டி வாருங்கள். கிறிஸ்துமஸை எந்த ஊரிலும் கொண்டாடலாம், விளைச்சலுக்கு நன்றி சொல்கிற தோத்திரப் பண்டிகையை அப்படிக் கொண்டாட முடியாது. விளைந்ததில் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து, பிறகு லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்படு என்று உபாகமம் 26ஆம் அதிகாரம் சொல்வதை அப்படியே கண்ணால் பார்க்கிற இடம் அது.

ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் தொடங்கும். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டின சேவல். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கிற உபதேசியார் இழுத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்ப்பார். மூன்றாம் தரம் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து யாராவது ஐம்பது ரூபாய் ஏற்றுவார்கள். சந்தையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற பூசணிக்காய் ஆயிரத்துக்குப் போகும். வாங்கினவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார், அது மறுபடி எண்ணூறுக்குப் போகும். தாய்மாமன் தோளில் உட்கார்ந்து இதைப் பார்க்கிற பிள்ளைக்கு இதில் எது பக்தி, எது விளையாட்டு என்று பிரிக்கத் தெரியாது. பிரிக்கும்படி நாமும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிறகு அசனம். பெரிய செம்பில் வெந்த சோறும் குழம்பும் பந்தியில் பரிமாறப்படும். பல ஊர்களில் மற்றச் சமயத்து அக்கம்பக்கத்தாரும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். வர முடியாத கிழவிகளுக்குத் தூக்குவாளியில் போகும். அந்த வாளியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள்.

கணவர் (அல்லது மனைவி) வேறு சமயத்தவர், அல்லது இதில் ஈடுபாடு இல்லாதவர். தனியாக நடத்தலாமா?

தாராளமாக. அவரைத் திருத்துவதற்கான கூட்டமாக அது மாறாதவரை வீட்டில் சமாதானத்துக்குக் கேடு வராது. அவர் பெயரைச் சொல்லி நன்றி செலுத்துங்கள், அவர் காதில் விழும்படியே செலுத்தலாம். அவர் வீட்டார் கொண்டாடுகிற பொங்கலுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று பலர் தயங்கிக் கேட்கிறார்கள். ஆச்சி, தாத்தா கையால் கரும்பு வாங்கித் தின்பதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேதாகமத்தில் எங்கிருந்து தொடங்குவது? பழைய மொழிபெயர்ப்பு பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

சிறு பிள்ளைகளோடு மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். நான்கில் சிறியது, ஓட்டமாகப் போகும், 16 அதிகாரங்களில் முடிந்துவிடும். நீதிமொழிகளுக்கு 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஓர் அதிகாரம் என்று வாசிப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் முழு அதிகாரம் வேண்டாம், பிள்ளைகள் தாங்களே மூன்று வசனங்களைத் தெரிந்தெடுக்கட்டும். மொழியைப் பொறுத்தவரை, 1871இல் ஹென்றி பவர் ஐயர் என்ற மிஷனெரியின் குழுவினர் நிறைவு செய்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்ததைத்தான் நாம் கோயிலில் வாசிக்கிறோம். மனப்பாட வசனத்துக்கு அதை வைத்துக்கொண்டு, கதைப்பகுதிகளுக்கு 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பையோ வேறு எளிய பதிப்பையோ பயன்படுத்தலாம்.

மகள் துபாயில் இருக்கிறாள். வீடியோ காலில் சேர்ந்து ஜெபிப்பது சரியாக வருமா?

வாரம் ஒருமுறை என்றால் நன்றாகவே வரும். தினமும் என்றால் இரண்டு பக்கமும் சலிப்புத் தட்டிவிடும். நமக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே எட்டு மணி, அவள் வேலை முடிந்து வந்திருப்பாள். பாட்டை மட்டும் எல்லோரும் சேர்ந்து பாட முயல வேண்டாம். சத்தம் முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால் கச்சேரி கலைந்துவிடும். இங்கே ஒரு சரணம் பாடி நிறுத்தினால் அடுத்ததை அவள் பாடட்டும். வேதபகுதியைப் பேரன் அங்கிருந்து வாசிக்கட்டும், எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பொறுத்திருங்கள், இடையில் திருத்த வேண்டாம். பரமண்டல ஜெபத்தை ஒரே ஆள் சொல்லி மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடச் சொல்வது நல்லது. ஜெபம் முடிந்தவுடன் போனை வைத்துவிடாமல், அவள் அங்கே அன்றைக்கு என்ன சமைத்தாள் என்பதையும் கேளுங்கள்.